சாட்சிக்கு வராதவன்

இன்று காலை ஜூரியில் ஒருவனாகச் சத்தியம் செய்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்ததால் அழைப்பு வந்தது. நீதிமன்றத்துக் கதிரைகளுக்குப் புதிதாக மெழுகு பூசியிருந்தார்கள். அந்த மணத்தோடு நீ நினைவுக்கு வந்துவிட்டாய். இந்தக் கதிரையில் இருக்க ஆசைப்பட்டவன் நீ. சத்திய வாசகத்தில் ஒரே வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அம்மா பயமாக்கும் என்று நினைத்துச் சிரித்தார்.

எண்பதுகளில் லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். நீ சட்டம் படிக்க மாணவ விசாவில் வந்தவன், நான் காசு வாங்கி ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து இறக்கியவன். இருவருக்கும் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் பெட்ரோல் ஸ்டேஷன் வேலை. பஸ்ஸுக்கு நிற்கிற குளிரில் இங்கிலாந்து அரசர்களை வரிசையாக இழுத்து வருவாய். பிரபுக்கள் நெருக்க, ஆற்றங்கரைப் புல்வெளியில் உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்த அரசன். சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நின்று தலையை இழந்த அரசன். நினைத்தபடி நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்ப முடியாதபடி பாராளுமன்றம் கையைக் கட்டிவிட்ட அரசர்கள்.

"பிரபுக்கள் தங்கடை சொத்துக்காகத்தானேடா கேட்டவங்கள்" என்று சீண்டுவேன்.

"ஓம், தங்களுக்குத்தான் கேட்டவங்கள். பிறகு வந்த சனம் எங்களுக்கும் தா எண்டு கேட்டுதே, அதுதான் விஷயம். இந்த நாட்டிலை அரசியலமைப்பு எண்டு ஒரு புத்தகம் இல்லை மச்சான். ஆக்கள் ஒழுங்கா நடப்பினம் எண்ட நம்பிக்கையிலைதான் முக்கால்வாசியும் நிக்குது."

எங்கள் ஆட்களின் அகதி விண்ணப்பங்களுக்குக் கேஸ் எழுதிக்கொடுக்க ஓர் அண்ணை இருந்தார். சைக்கிளால் விழுந்து என் முதுகில் வந்த தழும்பு, அவர் எழுதியபோது இராணுவ முகாமில் வாங்கிய அடியாகிவிட்டது. எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது. நீ அவரிடம் போகவே மறுத்தாய்.

"எனக்கு அடி விழேல்லை. என்ரை கூடப்பிறந்த அண்ணையை ஊரிலை ஆமிக்காரர் பிடிச்சவங்கள், அடுத்தது நான் எண்டு பயந்து வந்தனான். உள்ளதைச் சொல்லுறன்."

"விசரா, உள்ளதுக்கு இங்கை விசா தரமாட்டாங்கள்."

"பொய் சொல்லி வாங்கினா அது என்ரை உரிமை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

உன் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தாய். உன் அண்ணனை ஜீப்பில் ஏற்றியதைக் கண்டவன் லண்டனில் நான் ஒருவன்தான். "வந்து கண்டதைச் சொன்னாக் காணும், பத்து நிமிசம்" என்றாய். நானும் ஓம் என்றேன்.

கேஸ் எழுதிய அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார். "தம்பி, அண்டைக்கு நீ முகாமிலை இருந்ததா எல்லோ எழுதியிருக்கு. றோட்டிலை நிண்டு எப்பிடிக் கண்டனி எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? உன்னையும் பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்பிவிடுவாங்கள்."

அதற்குள் நான் நகரின் மறுகோடியில், விம்பிள்டனில் வேறு வேலைக்கு மாறி அங்கேயே குடிபோயிருந்தேன். விசாரணை அன்று காலை உனக்குப் போன் எடுத்தேன். "ஷிப்ட் மாத்த ஏலாமல் கிடக்கு மச்சான்."  "சரி, வேலையை விட்டிடாதை" என்றாய்.

தீர்ப்பை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். அண்ணன் கைதானதை உறுதிசெய்ய ஒருவரும் வராததால் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். நல்ல மரியாதையான ஆங்கிலம். தீர்ப்புச் சொன்னவரை நான் திட்டினேன். நீயோ, "சாட்சி இல்லாட்டி அந்த மனுசன் என்னதான் செய்யிறது" என்று அவருக்காகப் பேசினாய். உன்னை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே உன்னையும் ஜீப்பில் கொண்டுபோனார்கள். அதோடு சரி.

எத்தனையோ நூற்றாண்டாய்க் கட்டிய இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம்தான். என் பொய்யை நம்பி வீடு தந்தது, உன் உண்மையை நம்பாமல் துரத்தியது. சந்தித்தவர்களிடமெல்லாம் அதைத் திட்டியே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன். உன்னிடம் மட்டும் அப்படிப் பேச வாய் வருவதில்லை. நீ கடைசிவரை என்னை நம்பிக்கொண்டுதான் போனாய். விசாரணை அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கவில்லையடா. லீவு எடுத்து வைத்திருந்தேன்.