ஜீப்பின் தலையில் இரும்புச் சட்டி

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். கடவுள் அருளால் நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் சுகந்தானே?

நீங்கள் கவலைப்பட்ட ஜீப் ஓடத் தொடங்கிவிட்டது. விரிசல் விட்ட பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டுப் புது மாடல் இன்ஜினை இறக்கினோம். எல்லாம் பூட்டிய பிறகு பார்த்தால் பானெட் மூடவில்லை. உங்கள் மாப்பிள்ளை நீள அகலம் அளந்தவர், உயரத்தை மறந்துவிட்டார். ஜீப் ஓடாவிட்டால் மலைக்குச் சாமான் ஏற்றும் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"மூடாமலே ஓட்டுறேன்" என்றார்.

"மழை பெஞ்சா நான் முன்னாடி உக்காந்து குடை பிடிக்கவா?" என்றேன்.

மெக்கானிக் சிரித்துவிட்டு, "பானெட்டை வெட்டிருவோம்க்கா. ஓட்டைக்கு மேல கவுத்து வைக்க ஏதாவது குடுங்க" என்றார். சாமியைக் கும்பிட்டுவிட்டு என் இரும்புச் சட்டியைக் கொடுத்தேன். அதைக் கவிழ்த்து வெல்டிங்கில் பற்றவைத்தார்கள். நேற்று முழுச் சுமையோடு மேட்டில் மூச்சுவாங்காமல் ஏறியது. என் கணக்கில் சட்டியை வண்டிச் செலவு என்றே எழுதிவிட்டேன்.

இங்கே விற்கும் சட்டிகள் மெல்லியவை, சமைப்பதெல்லாம் அடிப்பிடிக்கிறது. அங்கே கனமாக ஒன்று வாங்குங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், தொலைத்துவிடுவார்கள். நீங்களும் அம்மாவுமே கொண்டுவந்தால் நல்லது. அம்மாவின் முழங்காலுக்காக ஜீப்பில் தாழ்வாக ஒரு படி பற்றவைக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் ஹாரன் அடிக்கிறார். மீதியை நேரில் பேசிக்கொள்வோம்.

உங்கள் மகள்