இடுப்பில் ஒரு பிஸ்டல்

யுவ வருஷம் (1935), ஆடி 28

என் மகன் சென்னியப்பனுக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வந்துவிட்டது. மல்லசமுத்திரத்துக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சேலம் டவுனில் பருத்தி மண்டி நடத்துகிறவன். மண்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு தெருதான். அந்த ஒரு தெருவைத் தாண்ட ஒரு பிஸ்டல்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கண்ணாத்தாள் எழுதுகிறாள். புருஷன் என்று பார்த்து எதையும் பூசி மெழுகாதே என்றேன். “வசவெல்லாம் அப்படியே எழுதிட்டனுங்க மாமா” என்கிறாள். எழுதியிருப்பாள். இந்த வீட்டில் தைரியசாலி அவள் ஒருத்திதான்.

ஆவணி 6

வேட்டிக்கு மேல் தோல் வாரைக் கட்டி அதில் பிஸ்டலைத் தொங்கவிட்டிருக்கிறான். கனத்துக்கு வேட்டி நழுவுகிறது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறான். இன்னொரு கையில் குடை. திருடன் வந்தால் எதை விடுவான்?

ஆவணி 19

வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம். அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் யாரோ ஒரு நகைக்காரர் வண்டியை மறித்துப் பறித்துக்கொண்டார்களாம். அதிலிருந்து டவுனே நடுங்குகிறது. கௌரவமான மனிதர் எல்லோருக்கும் பிஸ்டல் கொடுக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனுப் போட வேண்டும் என்று என் மகன் பேசினான். யார் கௌரவமானவர் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வரி கட்டுகிறவர் என்று கடைசியில் முடிவானது. அப்படியென்றால் திருடனும் ஒரு வீடு வாங்கினால் போதும்.

எதிர்த்துப் பேசியவர் அம்மாபேட்டை நூல் வியாபாரி வீரபாகு முதலியார். “ஒருத்தர் இடுப்புல துப்பாக்கி இருந்தா, பக்கத்துல இருக்கிறவன் எப்படி மனசு விட்டுப் பேசுவான்? அப்புறம் விலை பேசறதே நின்னுபோகும்” என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் பேசி முடித்ததும் யார் யார் கைதட்டுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தாரே, அங்கே எனக்கு அவரையும் பிடிக்காமல் போயிற்று.

ஆவணி 20

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. போன தாது வருஷத்துப் பஞ்சத்தில் நான் சின்னப்பையன். என் அப்பன் அதே அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் சோள வண்டி ஓட்டி வந்தார். கையில் சாட்டை மட்டும். பசித்த ஜனம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்கி மூட்டையை அவிழ்த்தார். ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டார். மிச்சத்தோடு வீடு வந்தார். அவர் பேரன் மின்சார விளக்கு எரிகிற தெருவில் இடுப்பைத் தடவிக்கொண்டு போகிறான்.

புரட்டாசி 3

நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பிஸ்டலை உருவிப் பழகினான். கண்ணாடி பயப்படவில்லை.

புரட்டாசி 20

ஆயுத பூசை. ஏர்க் கொழு, மண்வெட்டி, மண்டித் தராசு, அரிவாள்மனை எல்லாவற்றோடும் பிஸ்டலையும் வரிசையில் வைத்தான். அதுவும் ஆயுதம்தானே என்றான். கண்ணாத்தாள் தராசுக்கு வைத்ததைப்போலவே அதற்கும் சந்தனம் அப்பினாள். குழல், குண்டின் பின்னால் அடிக்கிற குதிரை, குண்டு சுழல்கிற உருளை, ஒரு சந்து விடவில்லை. மேலே குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

புரட்டாசி 21

இன்று எடுத்துத் துண்டால் மேலாகத் துடைத்துக் கட்டிக்கொண்டான். கழற்றித் துடைக்கப் பயம். வெடித்துவிடுமாம்.

ஐப்பசி 2

என்னத்தச் சொல்ல. எழுதறவ மையைக் கொட்டிட்டா.

மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தேன். பருத்திக் கணக்குப் பேச வீரபாகு வந்தார். பேச்சு மனுவுக்குத் தாவிவிட்டது. ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீரபாகு சொன்னார்: “ஏனுங்க கவுண்டரே, பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கினீங்க. நழுவற வேட்டிக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே.”

மூட்டை தூக்குகிறவர்கள் வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவன் உருவினான். நெஞ்சுக்கு நேராகத்தான் பிடித்தான், விளையாட்டில்லை, நான் பார்த்தேன். விசையை இழுக்கிறான், இழுக்கிறான், முகம் சிவக்குது, அது அசையல. வீரபாகு நாலு கால்ல மூட்டைக்குப் பின்னால போயிட்டார். நான் போய்க் கையைப் பிடிச்சேன். அது மட்டும் அசைஞ்சிருந்தா? ஒரு வேட்டிப் பேச்சுக்கு ஒரு உசுரு. அப்புறம் தூக்குமேடையில இவன். இவன் கையால தாலி கட்டிக்கிட்டு வந்தவ, இதோ எழுதிக்கிட்டு இருக்கிறா.

ஐப்பசி 3

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குண்டுகளை உதிர்த்துவிட்டுப் பிஸ்டலை மேசைமேல் எறிந்தான். அவன் வெளியே போனதும் கண்ணாத்தாள் தையல் ஊசியால் குதிரை இடுக்கைக் கிண்டினாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வீடெல்லாம் கோயில் வாசம்.

“அவங்ககிட்டச் சொல்லட்டுங்களா மாமா?”

“வேண்டாஞ் சாமி. கூட்டி அள்ளிக் கொட்டிரு.”

ஐப்பசி 17

போலீசுக்கு யாரும் போகவில்லை. வழக்குக் கொடுத்தால் நாலு காலில் போனதையும் வீரபாகு சொல்ல வேண்டும். குண்டே போடவில்லை, சும்மா காட்டினேன் என்று இவன் சொல்லித் திரிகிறான். சமாதானம் என்று சங்கத்தார் இருவருக்கும் மாலை போட்டார்கள்.

மார்கழி 9

மெட்ராஸ் கம்பெனிக்குப் போன பிஸ்டல் திரும்பி வந்தது. ஒரு பழுதும் இல்லை என்று எழுதி, துடைத்ததற்குக் கூலி பிடித்துக்கொண்டார்கள். மறுபடியும் வார், மறுபடியும் வேட்டியில் கை.

தாது வருஷம், சித்திரை 22

வீரபாகு முதலியாரும் பிஸ்டலுக்கு மனுப் போட்டிருக்கிறார். பருத்தி மண்டிப் பக்கம் போக வேண்டியிருக்கிறதாம். எதிர்த்துப் பேச இனி சங்கத்தில் ஆள் இல்லை.

ஆவணி 30

அவருக்கும் வந்துவிட்டது. இவனுடையதைவிட நீளமாம். இவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐப்பசி 8

அறுபது வருஷம் சுற்றித் தாது திரும்பி வந்திருக்கிறது. இந்த வருஷம் ஆயுத பூசை ஐப்பசியில். காலையிலேயே குளித்துவிட்டுச் சந்தனக்கல்லை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாமனார் அரைப்பதாவது என்று கண்ணாத்தாள் தடுக்கப் பார்த்தாள். விடவில்லை. தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக அரைத்தேன். பக்தி வந்துவிட்டது என்று சென்னியப்பனுக்குச் சந்தோஷம்.

கண்ணாத்தாள் அப்பினாள். “போதுங்களா மாமா?”

“குதிரைக்கு அடியில இன்னுங் கொஞ்சம்.”

அரைத்ததில் பாதியை வாழையிலையில் பொதிந்து, அம்மாபேட்டையில் வீரபாகு சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அவளை அனுப்பினேன். எங்கெங்கே வைக்க வேண்டும் என்று கூடவே இருந்து காட்டிவிட்டு வந்தாளாம்.