கோணல் சுவிட்ச் போர்டு

என்னங்க, எழுப்ப மனசு வரலை, கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க.

நேத்து எனக்குச் சந்தேகப் புத்தின்னு சொன்னதை இன்னும் மறக்கலை. இருந்தாலும் நீங்க ஆன்லைன்ல பிடிச்ச வீட்டைக் காலையில மறுபடி பார்த்தேன். பாதி வாடகையாம், ஓனர் வெளிநாட்டுலயாம், நேர்ல பார்க்க முடியாதாம், அட்வான்ஸ் போட்டாதான் அட்ரஸும் சாவியும் கூரியர்ல வருமாம்! சல்லிக்காசு அனுப்பாதீங்க.

ஹால் படத்துல சுவிட்ச் போர்டு கோணலா இருக்கா? அதுக்குக் கீழ டைல்ஸ் மூலை உடைஞ்சிருக்கா? இப்போ தலையை நிமிர்த்திப் பாருங்க. அது நம்ம ஹாலேதான்! நாம குடிவர்றதுக்கு முன்னாடி வந்த விளம்பரப் படத்தை எவனோ சுட்டுப் போட்டிருக்கான். காலியா, சுத்தமா இருக்கவும் உங்களுக்கு அடையாளம் தெரியலை.

ஏமாந்தவங்க யாராவது பெட்டி படுக்கையோட வந்து நின்னா எரிஞ்சு விழாதீங்க. உட்கார வெச்சு டீ கொடுங்க. நான் வந்ததும் எல்லாருமா போய்ப் புகார் கொடுக்கலாம்.

மறந்துட்டேனே: "எவ்வளவு பெரிய ஜன்னல், என்னா வெளிச்சம்"னு உருகினீங்களே, அது உங்க பீரோவுக்குப் பின்னாடிதான் இருக்கு. சாயங்காலம் ரெண்டு பேருமா நகர்த்திடலாம்.