எலுமிச்சம்பழமும் ஸ்லோவாக் பாடமும்

1956, ஆவணி, வெள்ளி இரவு.

இன்று குருபரப்பள்ளி எண்ணெய் ஆலையில் புது எஞ்சினுக்குப் பூசை. அதை மாட்ட வந்த ஸ்லோவாக் என்ஜினியரின் பேச்சைத் தமிழாக்கத்தான் எனக்குச் சம்பளம். சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் குப்பையென்று நினைத்து அவர் குனிந்து எடுத்தார்.

‘பூசைக்கு வைத்த பழம்.’ தமிழில் எவ்வளவு சுலபம்! அவர்கள் பாஷையில் நடுவே ‘எது’ என்று ஒன்றைச் செருக வேண்டும், அதுவும் அந்தப் பழம் ஆணா பெண்ணா என்று பார்த்து. எந்தப் பாவி கண்டுபிடித்தானோ! க்டோரி, க்டோரா, க்டோரே என்று நான் தடுமாறுவதற்குள் பழத்தை வெளியே வீசிவிட்டார். சகுனம் கெட்டதென்று ஆட்கள் எஞ்சினைத் தொட மறுத்துவிட்டார்கள்.

“ஏங்க, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதாதா?” என்றார் ஃபிட்டர் முனியப்பன்.

போதும்தான். அவர்கள் பாஷையில் ‘நியே.’ முதல் நாளே படித்த வார்த்தை.