மூன்றாவது பள்ளம்

பிப்ரவரி 6, வியாழன்

பிரேக் லேட்டாகத்தான் பிடிக்கிறது. இன்றைக்கும் சொன்னேன். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது நாலாவது வளைவில் மிதித்தால், வண்டி ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் நிற்கிறது. பட்டறையில் தமிழழகன் அடியில் போய்ப் படுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பிரேக் கிண்ணுனு இருக்குதுண்ணே, ஒன்னும் இல்ல" என்கிறான். பதினெட்டு வருஷமாக அந்த மலையில் பஸ் ஓட்டுகிறவனுக்கு இவன் பிரேக் சொல்லித் தருகிறான்! வாய் வரைக்கும் வந்தது. கண்டக்டர் வீரமுத்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சின்னசேலத்திலிருந்து தங்கச்சி கோகிலவாணி வந்தாள். கையில் மஞ்சப்பை. உள்ளே என்ன? எங்கள் பழைய டிவி கேம்! கறுப்புப் பெட்டி, அமுக்குகிற கட்டை ரெண்டு, மஞ்சள் கேசட். இது காணாமல் போனதற்காக எதிர்வீட்டு அய்யப்பன் சட்டையைப் பிடித்தவன் நான். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை, இருபது வருஷம் ஆகிறது.

"நான்தாண்ணா கல்யாணத்தப்போ பொட்டிக்குள்ள வச்சி எடுத்துக்கினு போனேன்" என்கிறாள், சிரித்துக்கொண்டே. அடிப்பாவி!

குள்ளன் ஒருத்தன் ஓடுவான், பள்ளம் வந்தால் பட்டனை அமுக்கிக் குதிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். மூன்றாவது பள்ளத்தை விளிம்புக்கு வந்துதான் தாண்ட முடியும். அவள் ஜென்மத்தில் தாண்டியதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். இன்றைக்கும் காட்டலாம் என்று பார்த்தால், எங்கள் புது டிவியில் மஞ்சள் பின்னும் வெள்ளைப் பின்னும் சொருகுகிற ஓட்டையே இல்லை. தட்டையாக ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடையில் கன்வர்ட்டர் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒன்று வாங்கி வந்தேன். சொருகினேன். டிவி நீலமாக முறைத்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போய்க் கத்தினேன். கடைக்காரப் பெண் மலர்விழி, நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "சார், இது புது பொட்டிலேர்ந்து பழைய டிவிக்குப் போறது. உங்களுக்குப் பழைய பொட்டிலேர்ந்து புது டிவிக்கு வரணும். இதுல திரும்பி வராதுங்க" என்றாள். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம், நான் படிக்கவில்லையாம். மாற்றிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

படம் வந்துவிட்டது! கன்வர்ட்டருக்கும் தனியாகச் சார்ஜர் ஒயர் கொடுக்க வேண்டுமாம். கொடுத்ததும் குள்ளன் குதித்துக்கொண்டு வந்தான். நானும் கோகிலாவும் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரி செல்வி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

ஆனால் — மூன்றாவது பள்ளத்தில் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். பதினோரு தடவை! கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமுக்கினேனே. சரியாகத்தானே அமுக்கினேன்?

பிப்ரவரி 17, திங்கள்

மலர்விழியிடம் போய்க் கேட்டேன். "பொட்டி படத்தை வாங்கி, மாத்தி, அப்புறம் டிவிக்குத் தருது சார். அதுல கொஞ்சம் லேட்டாவும். நீங்க அமுக்குறது சரிதான், படம்தான் பின்னாடி வருது."

அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். நான் இல்லை, பெட்டிதான். வண்டியில் பிரேக்கும் இதே கதைதான் என்று தமிழழகனிடம் சொல்ல வேண்டும். மிதிக்கிறவன் சரியாகத்தான் மிதிக்கிறான்.

மார்ச் 2, ஞாயிறு

மலர்விழி சொன்னபடி டிவியில் கேம் மோட் வைத்தாயிற்று. தாமதம் கம்மியாகும் என்றாள். கோகிலா அஞ்சு தடவை விழுந்தாள். ஆறாவது தடவை தாண்டிவிட்டாள். ஜென்மத்தில் முதல் தடவை! "ஒரு நூல் முன்னாடியே அமுக்குண்ணா, பழகிடும்" என்று எனக்குப் பாடம் வேறு.

முன்னாடியே அமுக்கிப் பார்த்தேன். இருபத்துமூன்று தடவை. கட்டையைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். செல்வி அதை எடுத்து டிவி பக்கத்தில் வைத்தாள்.

இதை எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, எறும்பு ஊர்ற மாதிரி எழுதிக்கினு இருக்கீங்க?" என்றாள். உரக்கடைக்காரர் கொடுத்த டைரி, சிக்கனமாக எழுதினால் ரெண்டு வருஷம் வரும் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

நாலாவது வளைவில் எதிரே ஒரு டிவிஎஸ். ஓட்டியவன் ஒரு பையன்கூட இல்லை, நல்ல வயசாளி. பின்னால் மரவள்ளி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை. மிதித்தேன். சத்தியமாக மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தப் பொம்பளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டக்கூட இல்லை.

வீரமுத்து பக்கத்தில் வந்து மெதுவாக, "லேட்டா மெரிச்சிட்டீங்கண்ணே" என்றான். "பிரேக் லேட்டுடா!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். முதலாளி நாராயணசாமியிடம் வண்டியை மாற்றச் சொன்னேன். நாளையிலிருந்து வேறு வண்டி.

மார்ச் 14, வெள்ளி

இந்த வண்டியும் அப்படித்தான்.

மார்ச் 16, ஞாயிறு

சின்னசேலம் போயிருந்தோம். கோகிலா வீட்டுப் பரணில் அந்தக் காலத்து இலவச டிவி கிடக்கிறது. பின்பக்கம் தொந்தி வைத்த டிவி. துடைத்து வைத்தோம். மஞ்சள் பின்னை நேராக அதில் சொருகினோம். நடுவில் பெட்டி கிடையாது, தாமதம் கிடையாது. இனிமேல் பார் என்றேன்.

கோகிலா முதல் தடவையே தாண்டினாள்.

நான் விழுந்தேன்.

சரி, கை பழகவில்லை. மறுபடி. விழுந்தேன். மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கோகிலா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "டிவியும் பழசு தானேண்ணா" என்றாள். என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயசிலிருந்தே வராது. அதைக் கேட்டதும் மறுபடி கட்டையைக் கையில் எடுத்தேன்.

குள்ளனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பார்த்தேன். அமுக்கு என்கிறேன். அது சும்மா இருக்கிறது. அப்புறம்தான் அமுக்குகிறது. ஒரு யோசனை யோசித்துவிட்டு.

கை இப்படி என்றால் கால்?

ஐயோ. பிரேக். அந்த மரவள்ளி மூட்டைப் பொம்பளை. ஐயோ, நானாடா? இத்தனை நாளா நானா? ஒரு டிரிப்புக்கு அறுபது பேரு. சந்தை நாளுன்னா தொத்திக்கினு வர்றவங்க தனி. எல்லாரையும் ஏத்திக்கினு நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?

மார்ச் 17, திங்கள்

காலை ஆறு பத்து டிரிப்புக்கு வீரமுத்து விசில் ஊதிவிட்டான். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஜனம் என்ன என்ன என்கிறது. இறங்கிப் போய் சாவியை முதலாளி மேசையில் வைத்தேன். "எனக்குக் கால் லேட்டா வேலை செய்யுதுங்க" என்றேன். குடித்திருக்கிறேனா என்று முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்தது கிடையாது.

அங்கிருந்து பட்டறைக்கு. தமிழழகன் கிரீஸ் கையோடு எழுந்து நின்றான், சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டான். "பிரேக் நல்லாத்தான்டா இருக்குது" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லி அனுப்பினான்.

மார்ச் 26, புதன்

சேலத்தில் நரம்பு டாக்டரம்மா. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார்கள். நடந்து காட்டச் சொன்னார்கள். வலது கை வீசவே இல்லை என்று செல்வியிடம் காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "எப்பவுமே உங்க எழுத்து இவ்ளோ பொடிசா?"

எப்பவும் இப்படித்தான் என்று நான் சொல்வதற்குள் செல்வி பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிர்ந்துபோய்விட்டேன். இதை எப்போது எடுத்தாள்? எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

"நான் படிக்கலைங்க, எழுத்தை மட்டும்தான் பாக்குறேன்" என்றார்கள் டாக்டரம்மா. ஜனவரிப் பக்கத்தில் விரலை வைத்து வரியை எண்ணினார்கள். பதினொன்று. மார்ச் பக்கத்தில் இருபத்தாறு. நானே அப்போதுதான் பார்க்கிறேன். டைரியைச் சிக்கனம் பண்ணினேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பார்க்கின்சன் என்றார்கள். பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். மூளை சொல்வது கை கால்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாகுமாம், எழுத்து சுருங்குவதும் இதனால்தானாம். மாத்திரைக்குக் கேட்குமாம், முழுசாகக் குணமாகாதாம். பஸ்? என்று கேட்டேன். கூடாது என்று தலையை ஆட்டினார்கள்.

மார்ச் 27, வியாழன்

நாப்பத்திநாலு வயசு. இதெல்லாம் கிழவனுங்களுக்கு வர்றது இல்லியா?

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. பாயசத் தூக்கோடு எதிர்வீட்டுக்குப் போனேன். "அண்ணே, அந்த டிவி கேமை எடுத்தது நீங்க இல்ல, என் தங்கச்சி" என்றேன். அய்யப்பன் தூக்கை வாங்கிக்கொண்டு, "இருவது வருசமா இதைத்தானேடா நான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். உட்காரச் சொன்னார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோடு போட்ட நோட்டுக்கு மாறியாயிற்று. ரெண்டு கோட்டையும் தொட்டு எழுத வேண்டும், தினமும் ஒரு பக்கம். டாக்டரம்மா கட்டளை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை முதலாளி கொடுத்திருக்கிறார். என் வண்டியைச் சின்னப் பையன் ஒருத்தன் ஓட்டுகிறான். பிரேக் பற்றி ஒரு புகாரும் இல்லை.

இன்று கோகிலாவும் வீரமுத்துவும் வந்திருந்தார்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கட்டையைக் கையில் எடுத்தேன். கன்வர்ட்டர் வழியாகத்தான். ஒன்பது தடவை விழுந்தேன். பத்தாவது தடவை குள்ளன் தாண்டிவிட்டான். செல்வி அழுதுவிட்டாள், கூறுகெட்டவள்.

வீரமுத்து துள்ளிக் குதித்தான். "அப்போ வண்டி எடுத்துடலாம்ண்ணே!"

"பத்துக்கு ஒன்னுடா" என்றேன். "மலையில பத்து வாட்டி குடுப்பாங்களா?"

எழுத்து இன்று பெரிசாக வந்திருக்கிறது, பக்கம் முடிந்துவிட்டது.