எட்டு விசில் கொள்ளு

காரிமங்கலத்தில் முதல் பஸ்ஸைப் பிடிக்க மாதவராஜுக்கு இருபது நிமிடமே இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து மனைவி சுகுணா வரும்போது அவன் வீட்டில் இருக்கமாட்டான். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் எழுத உட்கார்ந்தான்.

‘சுகுணா, குக்கர்ல கொள்ளு கடைஞ்சு வெச்சிருக்கேன். களி கட்டி தட்டிப்போச்சு, பாத்து சாப்புடு. கேஸ் சிலிண்டர் வரும். நீ எந்திரிக்க வேணாம், பக்கத்து வூட்டு நிர்மலாக்காகிட்ட சொல்லிட்டேன்.’

பேனா நின்றது. தினமும் ஓட்டலில் வாங்கித் தின்று அலுத்து, வீட்டிலேயே மலிவாகச் சமைக்க ஒரு வாரத்துக்குப் பட்டியல் போட்டுத் தரும்படி முந்தாநாள் செல்போனில் ஏஐயைக் கேட்டிருந்தான். பட்டியல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவன் தட்டியிருந்த கேள்வியின் முதல் வரியைச் சுகுணா படித்துவிட்டாள்: ‘என் மனைவி சமைப்பதில்லை.’

“ராத்திரியெல்லாம் மெஷின்கிட்ட நின்னுட்டு வர்றேன். உங்களுக்குக் கை இல்லீங்களா?” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவன் தொடர்ந்தான். ‘கேள்விய மாத்திட்டேன். எனக்குச் சமைக்கத் தெரியாது, வேலை முடிஞ்சு வர்ற பொண்டாட்டிக்கு என்ன செஞ்சு வெக்கலாம்னு கேட்டேன். கொள்ளுக்கு ஆறு விசில்னு சொல்லுச்சு. வேகல. எட்டு விட்டேன்.’

தாளில் இடம் தீர்ந்ததால் ஓரத்தில் நெருக்கி எழுதினான்: ‘உப்பு தூக்கல். தயிர் ஊத்திக்க.’

கிருஷ்ணகிரி தாண்டும்போது போன் அடித்தது. சுகுணாவின் குரலில் தூக்கம் வழிந்தது.

“சாப்புட்டுட்டேங்க. வாயில வெக்க முடியல. நாளைக்கும் நீங்களே செய்ங்க.”