கிளைடருக்கு ஒரு ரிசீவர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம்தான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா?

பாப்பா செய்யும் ரிமோட் கிளைடர் விமானத்துக்குச் சாமான் தேடி, லீவு நாளில் மூன்று கடை ஏறி இறங்கினேன். வாலை அசைக்கும் குட்டி மோட்டார் இரண்டும் எடையில்லாத பலகையும் கிடைத்தன. கடைக்காரர், "உங்க பொண்ணே செய்யறாளா? கெட்டிக்காரிதான் சார்" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறைக்கு வந்து சாமான் பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. முழுக்க உன் தம்பியின் கையெழுத்து. நீ அனுப்பிய போட்டோவிலும் இறக்கையின் ஒரு பக்கம் பாப்பா, மறுபக்கம் அவன். எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. அடுத்த பட்டியலைப் பாப்பாவே எழுதட்டும். பிழை இருந்தால் பரவாயில்லை, படிக்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ரிசீவர் மட்டும் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. அது இல்லாவிட்டால் ரிமோட்டில் என்ன சொன்னாலும் கிளைடருக்குக் கேட்காது.

உண்மையில் அது முதல் கடையிலேயே கிடைத்துவிட்டது. என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது நானே கொண்டு வருகிறேன். அதுவரை உன் தம்பி எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டட்டும்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்